கையெடுக்காத மாமா

என் மாமா பேசத் தொடங்கினால் முதலில் எழும்புவது அவருடைய கைகள்தான். சொல் பிறகுதான் வரும். அவர் அம்மாவின் ஒரே தம்பி. கறியில் உப்புக் குறைவு என்று சொல்வதற்குக்கூட இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோவார். முற்றத்தில் மேயும் கோழிகள் பருந்து வந்துவிட்டதென்று நினைத்துக் கலைந்து ஓடும்.

"மெதுவாக் கத தம்பி. கோழி முட்டை போடாமப் போயிரும்" என்பார் அம்மா.

"நான் மெதுவாத்தானே அக்கா கதைக்கிறன்" என்று சொல்லி மாமா மறுபடியும் கையைத் தூக்குவார்.

பிள்ளைகளே, அந்தக் கைகளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் பெரிய நாளில் எனக்கு ஒன்பது வயது. அந்த வயதில் பெரியவர்களுடைய விடயங்கள் எல்லாம் எனக்கு விளங்கிவிட்டன என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

எங்கள் வீடு களுதாவளைக்கு மேற்கே வாவிக் கரையில் இருந்தது. வாவி என்பது புத்தகத்தில் உள்ள பேர். நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். மாமாவுக்கு அந்த ஆற்றில் மீன்பிடிதான் தொழில். விடியும் நேரத்தில் தோணியைத் தள்ளிக்கொண்டு போய், இடுப்பளவு தண்ணீர் வந்ததும் நிறுத்துவார். உடனே வலையைத் தொடமாட்டார். கிழக்கே பிள்ளையார் கோயில் இருக்கும் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக் கும்பிடுவார். அங்கிருந்து பார்த்தால் கோயில் தெரியாது, தென்னைகள்தான் தெரியும். ஆனாலும் நெடுநேரம் அப்படியே நிற்பார். எங்கள் ஆற்றில் தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் வலை எறிய முன்னர் கும்பிடுவார்கள்தான். நெஞ்சில் கை வைத்து ஒரு நொடியில் முடித்துவிடுவார்கள். மாமாவைப் போல வானத்தைத் தொடுகிற மாதிரிக் கையெடுக்கிறவர் வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வீச்சுவலை. ஒரு பக்கத்தைத் தோளில் போட்டு, மற்றப் பக்கத்தைக் கையில் ஏந்தி, உடம்பைச் சுழற்றி எறிவார். வலை மேலே போய் வட்டமாக விரிந்து, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நிற்கும். பிறகு தண்ணீரில் மழை பெய்த மாதிரி ஒரு சத்தம். கரையில் நின்று பார்க்கும் எனக்கு வாய் மூடாது.

ஒரு வருடம் இராணுவத்தினர் எங்கள் தோணித்துறையைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்துவிட்டார்கள். உள்ளே வரக்கூடாது என்று ஒரு பலகையும் நட்டார்கள். கட்டியிருந்த தோணிகள் அந்தப் பக்கம், சொந்தக்காரர்கள் இந்தப் பக்கம். பெரியவர்கள் அதைப் பற்றி வேலி ஓரத்திலும் கிணற்றடியிலும் நின்று மெல்லிய குரலில் பேசினார்கள். மாமாவுக்கு மெல்லிய குரல் இருந்ததில்லை. சந்தியில் கூட்டம் வைத்தபோது ஒலிபெருக்கி பாதியில் நின்றுபோனது. அவர் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினார்.

"எங்கட தோணியில ஏற நாங்க ஆரிட்டக் கேட்கவேணும்? இந்தத் துறையை எங்களுக்கு ஆரும் தரல்ல. அதால, ஆரும் திருப்பி எடுக்கவும் ஏலாது!"

இரண்டு கையும் வானத்தில். சனம் முழுக்க அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது கீழே நின்ற காத்தான்குடி நானா கத்தினார். அவர் எங்கள் கரைக்கு வந்து மீன் வாங்கிப் போகும் முஸ்லிம் யாவாரி; அண்ணன் என்பதை அவர்கள் நானா என்பார்கள்.

"டேய், துறைய மீட்கிறது இரிக்கட்டும். நீ நிக்கிறது என்ட பெட்டி. உடைச்சிராத!"

கூட்டமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஒரு கூட்டத்தில் அவர் கைகள் கடைசியாக அந்த உயரத்துக்குப் போனது அன்றைக்குத்தான்.

ஒரு கிழமைக்குள் சீருடை இல்லாத இரண்டு பேர் வந்து, மாமாவிடம் சின்ன விசாரணை ஒன்று இருக்கிறது, அனுப்பிவையுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா மேசன் வேலை செய்கிறவர். யாருக்கும் மறுப்புச் சொல்லத் தெரியாத மனிதர். "ஒரு மணித்தியாலத்தில விட்டிருவாங்களாம். ஒளிச்சாத்தான் பிழையெண்டு நினைப்பாங்க. வா, நானே கூட்டிப்போறன்" என்று சொல்லி மாமாவைத் தன் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது மாமா திரும்பி எனக்குக் கை காட்டினார். அம்மா அவருக்குச் சோற்றைப் போட்டு மூடிவைத்தார்.

அப்பா தனியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். ஏறி ஓடி வரவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தார். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளில் அவர் ஏறி நான் பார்க்கவில்லை.

மாமா எங்கே இருக்கிறார் என்று ஏழு மாதம் எங்களுக்குத் தெரியாது. அம்மா ஏறாத வாசல் இல்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு, அவர் மட்டக்களப்புச் சிறையில் இருக்கிறார், வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கடிதம் வந்தது. அவர் தோணியில் ஆயுதப் பொதிகளை ஏற்றி ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோனாராம். அப்படி அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்தும் வைத்திருக்கிறாராம்.

எங்களுக்காக வழக்குப் பேசியவர் ஒரு பெண் சட்டத்தரணி. லோயர் அம்மா என்போம். அந்தக் காகிதத்தின் பிரதியை அவர் எங்கள் வீட்டு மரவாங்கில் விரித்துக் காட்டினார். நான்கு பக்கமும் சிங்களம். கடைசியில் மட்டும் தமிழில் மாமாவின் கையெழுத்து, கோணலும் மாணலுமாக.

"தம்பிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா?" என்று லோயர் அம்மா கேட்டார்.

"ஐஸ் கட்டி என்ன விலையெண்டு கேக்கத் தெரியும்" என்றார் அம்மா.

லோயர் அம்மா சிரிக்கவில்லை. அவர் விளக்கியதை நான் கதவடியில் இருந்து கேட்டேன். சாதாரண களவு வழக்கென்றால் பொலிஸ்காரரிடம் ஒருவர் சொன்னதை வைத்து அவரைத் தண்டிக்க முடியாது. மாமாவைப் பிடித்திருந்தது பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கு என்று கொண்டுவந்த சட்டத்தில். அந்தச் சட்டத்தில் அது முடியும். அந்தக் காகிதத்தைத் தவிர வேறு சாட்சியே கிடையாது. பொதியும் இல்லை, பார்த்தவரும் இல்லை. அடித்து வாங்கியது என்று சொன்னால், அதை மாமாதான் காட்டவேணும். அடித்தவர்கள் எதையும் காட்டத் தேவையில்லை.

"காகிதத்தைக் கோடு ஏற்றுக்கொண்டால் இருபது வருசம், இல்லாட்டி அதுக்கும் மேல. தள்ளிவிட்டால் தம்பி வீட்டுக்கு வரலாம்" என்றார் லோயர் அம்மா. நீதிமன்றத்தைத்தான் நாங்கள் கோடு என்போம்.

மாமாவின் வாழ்க்கை முழுக்க நான்கு பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. எழுந்து போய் அந்தக் காகிதத்தை நன்றாகப் பார்த்தேன். மெல்லிய காகிதம். மின்விசிறிக் காற்றில் பறக்கப் பார்த்தது.

சிறைக்குப் பார்க்கப் போகும் நாட்களில் நாங்கள் ஒரு கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் மாமா அந்தப் பக்கமும் நிற்போம். நடுவில் ஒரு ஆள் நடக்கும் அளவு இடைவெளி. அங்கேயும் ஒரு கம்பிவலை. நூறு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். மாமா கத்துவதில்லை. கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, "மருமோன், படிக்கிறியா?" என்று கேட்பார். அதற்குள் மணி அடித்துவிடும். எல்லாச் சனமும் கையைத் தூக்கி ஆட்டும், உள்ளே நிற்பவர்களும் ஆட்டுவார்கள். மாமா மட்டும் கையை ஆட்டமாட்டார். இரண்டு கையும் தொங்கியபடி நிற்பார். பிறகு திரும்பிப் போய்விடுவார்.

மூன்றாம் தடவை, பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா சொன்னார்:

"உன்ட தம்பிக்கு என்னோட கோபம். நான்தானே கொண்டுபோய்க் குடுத்தன்."

"சும்மா இரிங்க. அவன் அப்பிடி நினைக்கிறவன் இல்ல."

"புறகேன் ஒரு கை காட்டக் கூட மனமில்ல?"

அப்பா பிறகு சிறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் அந்தக் கோபத்தோடுதான் சாப்பிட்டோம், அந்தக் கோபத்தோடுதான் படுத்தோம்.

வழக்குக்குத் தவணை போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு தவணைக்கு அரசாங்கத்துச் சட்டத்தரணி வரவில்லை. ஒரு தவணைக்குக் காகிதத்தை எழுதிய அதிகாரி வரவில்லை. ஒருமுறை எல்லாரும் வந்திருந்தார்கள், மாமாவைக் கொண்டுவர வாகனம் இல்லை. எல்லாத் தவணைக்கும் தவறாமல் வந்தவர் காத்தான்குடி நானாதான்.

"எங்கட பஸ்ஸுக்கே இப்ப கோட்டுக்கு வழி தெரியும். ரைவர் இல்லாட்டியும் தானா வந்து நிக்கும்" என்பார்.

காகிதத்தை ஏற்பதா தள்ளுவதா என்று கோடு விசாரிக்கப் போகும் நாள் ஒருவழியாக வந்தது. அன்று மாமாவே சாட்சி சொல்லவேண்டும். அப்பாவும் வந்தார். ஆனால் உள்ளே போகாமல் வாகை மரத்தடியில் நின்றுகொண்டார். "என்னைக் கண்டா அவனுக்குச் சொல்ல வந்ததும் மறந்துபோகும்" என்று அம்மாவிடம் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளே இடமில்லை என்று வாசலில் நின்ற பொலிஸ்காரர் என்னையும் தடுத்துவிட்டார். நானா என்னை விறாந்தையின் கடைசி யன்னலுக்குக் கூட்டிப்போனார். அவரும் என் பின்னால் நின்றார்.

"இதுதான் பெல்கனி டிக்கட். மூச்சுக் காட்டாமப் பாரு, மனே" என்றார்.

உள்ளே எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைகள்தான். கறுப்புச் சட்டைக்காரர்கள் முன்னால். அம்மா கடைசி வாங்கில் இருந்தார். ஒரு பக்கக் கதவு திறந்தது. சிறைக்காவலர்கள் மாமாவைக் கூட்டிவந்தார்கள். அதே நேரம் யாரோ "அமைதி" என்று சத்தம் போட்டார். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே தடவையில் எழும்பினார்கள். சட்டத்தரணிமார், எழுதுகிறவர்கள், பொலிஸ்காரர், எல்லாரும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் மாமா வருகிறார் என்று எல்லாரும் எழும்புகிறார்கள்! மறுபக்கத்துக் கதவால் நீதிபதி வந்ததை நான் பிறகுதான் கண்டேன். அவரும் மாமாவைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் நீதிபதிக்குக் கையெடுத்தார்கள், அல்லது தலை குனிந்தார்கள். விலங்கு கழற்றிய பிறகும் மாமாவின் கைகள் தொங்கியபடியே இருந்தன. தலை மட்டும் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது.

"நானா, மாமா கையெடுக்கல்ல" என்றேன் மெதுவாக.

"உஷ்" என்றார் நானா. ஆனால் அவருடைய கை என் தோளில் கொஞ்சம் இறுகியது.

மாமாவைச் சாட்சிக் கூட்டில் ஏற்றினார்கள். உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுப்பதற்கு மொழிபெயர்க்கும் நீதிமன்ற முதலியார் அவருக்குப் பக்கத்தில் வந்தார்.

"வலது கையைத் தூக்குங்க."

மாமாவின் கை தொங்கியபடியே இருந்தது.

"கேட்டதா? வலது கையை உயர்த்துங்க."

மாமாவின் முழங்கை இடுப்பு மட்டுக்கு வந்தது. அதற்கு மேலே வரவில்லை. உதட்டைக் கடித்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது. தோள் ஒன்று துடித்ததை நான் யன்னலில் இருந்தே கண்டேன். கோபத்தில் துடிக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அரசாங்கத்துச் சட்டத்தரணி பாதி எழும்பினார்.

"எதிரி இந்த மன்றத்தை அவமதிக்கிறார், பிரபு."

எங்கள் நாட்டுக் கோட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் சொல்லுவார்கள். நீதிபதி அவரை இருக்கச் சொல்லிக் கையால் காட்டினார். பிறகு முன்னால் குனிந்து மாமாவிடம் ஏதோ கேட்டார். தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை; நானா யன்னல் கம்பியில் காதை வைத்தார். மாமா தலையை நிமிர்த்தி மறுமொழி சொன்னார். மிகவும் சின்ன மறுமொழி. ஒரு சொல்லோ இரண்டு சொல்லோதான் இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்ப்பேன். எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். அரசாங்கத்துச் சட்டத்தரணி தன் கடதாசிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசி வாங்கில் அம்மா மட்டும், யாரும் சொல்லாமலே, வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவைத்து மாமாவையே பார்த்தார். அவருக்கு மேலே சுவரில் அரசாங்க இலச்சினை, அவர் உடம்பில் சிவப்பு அங்கி. அவ்வளவு பெரிய மனிதர், முழங்கை கிழிந்த சட்டையோடு நின்ற என் மாமாவை, எங்கே போவதென்று தெரியாதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலியாரிடம் சொன்னார்:

"கை தூக்கத் தேவையில்லை. அப்படியே சொல்லட்டும்."

மாமா கைகளைத் தொங்கவிட்டபடியே, உண்மையைச் சொல்வதாக உறுதி சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. நீதிபதி குனிந்து நெடுநேரம் எழுதினார்.

என் மாமா வென்றுவிட்டார்! கும்பிடு என்றால் பிள்ளையாருக்கு மட்டும்தான்; மற்ற எவருக்கும் அவர் கையெடுக்கமாட்டார். சிவப்பு அங்கிக்காரரே விட்டுக்கொடுத்துவிட்டார். இதைச் சொல்லத்தான் நான் பின்னால் திரும்பினேன். நானா யன்னலில் இல்லை. வாகை மரத்தடிக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். நானும் ஓடினேன்.

"நான் நினைச்சன். இவன் கை தூக்காமக் கதைக்கிற ஆளில்ல எண்டு நான் நினைச்சன்" என்று நானா அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "கோபமில்ல, கேட்டயா? உன்னோட ஒரு கோபமும் இல்ல அவனுக்கு."

என்னைக் கண்டதும் அவர் மிச்சத்தை அப்பாவின் காதோடு சொன்னார். அப்பா மரத்தின் வேரில் குந்திவிட்டார். சீமெந்து காய்ந்து வெடித்த இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ரெண்டு வருசம் நானா... ரெண்டு வருசம் நான் போகாம இருந்திட்டன்" என்று அவர் சொன்னது விரல்களுக்கு ஊடாகக் கேட்டது. கோபம் இல்லை என்பதற்கு ஏன் இவ்வளவு அழுகை என்று நான் யோசித்தேன். சந்தோசம் கூடினாலும் அழுவார்கள் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதுவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வழக்கின் மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீதிபதி மாமாவைப் புதிதாக ஒரு வைத்தியரிடம் அனுப்பக் கட்டளை போட்டார். முன்னரும் ஒரு வைத்தியர் பார்த்தவர்தான். பிடித்துவைத்தவர்கள் பின்னால் நிற்க, விலங்கோடு கதிரையில் இருத்தி, "ஏதும் வருத்தம் இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்று எழுதிக்கொண்டாராம். புதிய வைத்தியர் மாமாவின் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டி, அந்தக் கட்டோடு அவரைத் தூக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு நாள் அல்ல, பல நாள். அதைப் பற்றி இதற்கு மேல் நான் உங்களுக்கு எழுதமாட்டேன். சிங்களக் காகிதத்தில் அந்தக் கையெழுத்து ஏன் கோணலாக இருந்தது என்பது மட்டும் உங்களுக்கு விளங்கினால் போதும்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் போனது. நீதிபதி மாறினார், வைத்தியர் இடம் மாறினார், தவணைகள் மாறவில்லை. கடைசியில் கோடு அந்தக் காகிதத்தைத் தள்ளியது. வேறு சாட்சி இல்லாததால் மாமா வீட்டுக்கு வந்தார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தூக்கியவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை, லோயர் அம்மாவையும் ஏன் சொல்லவிடவில்லை என்று அம்மா அவரிடம் கேட்டார். "சொன்னா அத்தான் இனிச் சைக்கிளே ஓடமாட்டார் எண்டு பயந்தன் அக்கா" என்றார் மாமா. அப்பா அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விட்டார். சைக்கிள் பின்வளவில் துருப்பிடித்துக் கிடந்தது.

மறுநாள் விடியற்காலையில் மாமா ஆற்றில் இறங்கினார். துறையில் முள்ளுக்கம்பி அப்படியே இருந்தது, பக்கத்துச் சேற்றால் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கிழக்கே திரும்பினார். நெஞ்சுக்குக் கீழே கைகளைக் கூப்பினார். அவை அதற்கு மேலே வரவில்லை. அவர் தலையைக் குனிந்து, குனிந்து, நெற்றியை விரல்களுக்குக் கொண்டுபோய் வைத்தார். நான் கரையில் நின்றேன். வலை வட்டமாக விரிந்ததைப் பார்த்த நாட்களில்கூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. அதே மாதம் சந்தியில் மறுபடியும் கூட்டம் வைத்தார்கள். மாமா பெட்டியில் ஏறி, கைகளைத் தொங்கவிட்டபடி, விட்ட இடத்தில் இருந்து பேசினார். இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார். கோயிலில் அவர் தலை குனிந்து கும்பிடுவதைப் பார்த்து நீங்கள் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்லவேண்டிய இன்னொரு விடயம் இருக்கிறது. அது கோட்டுக்குப் போய் வந்த மறுகிழமை நடந்தது. மாமா அப்போது சிறையில்தான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் புதுத் தண்ணீர்த் தாங்கி திறக்க ஒரு பெரிய அதிகாரி வந்தார். நாங்கள் இரண்டு வரிசையில் கைகூப்பி நிற்கவேண்டும். நான் குள்ளன் என்பதால் முன்வரிசை. அதிகாரி கிட்ட வந்தார். எல்லாக் கைகளும் மேலே போயின. நான் இரண்டு கையையும் தொங்கவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு தோளைத் துடிக்கவைக்கவும் முயன்றேன்.

"இந்தத் தம்பிக்குக் கை சுளுக்கோ?" என்று கேட்டு அதிகாரி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரியின் கார் போன பிறகு என்னை மணலில் முழந்தாளில் நிற்க வைத்தார்கள். வெயில் சுட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"என்னம்மா, உங்கட மகனுக்கு இந்த வயசில இவ்வளவு திமிரா?" என்றார் அதிபர். "மன்னிப்புக் கேள் எண்டா அதுவும் மாட்டானாம்."

"ஏன் மனே கையெடுக்கல்ல?" என்று அம்மா கேட்டார்.

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "மாமா நீதிபதிக்கே கையெடுக்கல்லையே. நான் அந்த அதிகாரிக்கு ஏன் எடுக்கவேணும்?"

அதிபர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். எங்கள் ஊர் சின்ன ஊர். கோட்டில் நடந்தது அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். மேசையில் இருந்த பிரம்பை எடுத்து, மேசை லாச்சியை இழுத்து, அதற்குள் வைத்து மூடினார். "கூட்டிப்போங்க தங்கச்சி" என்றார். அம்மாவை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதிபரும் தோற்றுவிட்டார் என்று நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பாதி வழியில், ஆற்றங்கரை மணல் ரோட்டில், அம்மா நின்றார். என் முன்னால் முழந்தாளில் இருந்தார். என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார். இடுப்புக்கு மேலே. தோளுக்கு மேலே. தலைக்கு மேலே.

"நோகுதா?"

"இல்லம்மா."

"நல்லாத் தூக்கு. காதோட ஒட்டத் தூக்கு."

தூக்கினேன். இறக்கிவிட்டார். மறுபடியும் தூக்கினார். என் தோள்மூட்டில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். மறுபடியும் தூக்கினார். மீன் கூடையோடு வந்த ஒரு பெண் நின்று பார்த்து, "என்னகா, நடுரோட்டில மகனுக்குத் தேகப்பியாசமா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு போனாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண்ணில் இருந்து வழிந்தது தாடையில் வந்து நின்றது. துடைக்கவில்லை, என் கைகளை விடவும் இல்லை.

கையெடுக்காததற்கு இது அம்மா தரும் தண்டனை என்று எனக்கு விளங்கியது. வெயிலில் முழந்தாளில் நின்றதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. பத்துத் தரம் ஆனதும் கேட்டேன்:

"அம்மா, தண்டனை முடிஞ்சுதா?"

அம்மா என் இரண்டு கையையும் இன்னொரு முறை, எட்டும் மட்டும், மேலே தூக்கிவிட்டார்.